பூட்டிய கதவு காக்கும் என்னும் வாதம்

வேத பாடசாலையாயினும், மதரசாவாயினும், கன்னியர் மடத்தை ஒட்டிய விடுதிப் பள்ளியாயினும், மாணவர் தங்கிப் பயிலும் சமயப் பள்ளிகளைப் பற்றி, விருத்தாசலம், கம்மாபுரம் போன்ற ஊர்களிலிருந்து பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் அவற்றை நடத்துவோரும் பெரும்பாலும் ஒரே கருத்தையே கொண்டிருக்கின்றனர். சுற்றுச்சுவர் உயரமாக இருந்து, வாயிலில் காவலர் அமர்ந்து, இரவில் கதவு பூட்டப்பட்டு, கண்காணிப்புக் கேமராவும் இருந்துவிட்டால் பிள்ளைகள் பத்திரம் என்பது அக்கருத்து. அந்நியர் உள்ளே நுழையாமல் தடுப்பதும், ஆபத்து நேரும்போது உள்ளிருப்போரை வெளியேற்றுவதும் வேறு வேறு பணிகள் என்பதையும், முதல் பணிக்காகச் செய்யப்படும் ஏற்பாடே இரண்டாம் பணிக்கு இடையூறாகிவிடக்கூடும் என்பதையும் இக்கருத்து கணக்கில் கொள்வதில்லை.

இக்கருத்துக்கு ஆதாரமாகக் கூறப்படுவனவற்றுள் முதலாவது, பூட்டும் கம்பியும் காக்கும் என்பது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக்கொட்டகை விடுதியொன்று தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். ஓடிவிடாமல் இருப்பதற்காக அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அதே ஆண்டு மார்ச்சில் கென்யாவின் கியாங்குலி விடுதிப் பள்ளியில் 67 மாணவர் இறந்ததற்கு, இரு கதவுகளில் ஒன்று பூட்டியிருந்ததும் சன்னல்களில் கம்பி பதித்திருந்ததும் காரணங்கள். 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூரின் டத்தோ கெராமாட் பகுதியில், குர்ஆனை மனனம் செய்யும் மாணவர் தங்கிப் பயின்ற தாஃபிஸ் பள்ளியின் மேல்தளத்தில் 23 பேர் உயிரிழந்தனர். வாசலருகே தீ மூண்டிருந்தது, சன்னல்களில் கம்பி வலை இருந்தது, மற்றொரு வழியைச் சுவர் அடைத்திருந்தது. 2023 மே மாதம் கயானாவின் மஹ்தியா மாணவியர் விடுதித் தீயில் இறந்தோர் 20 பேர்; மாணவியர் வெளியே போய்விடக் கூடாதென்று பூட்டப்பட்ட கதவுகளுக்குரிய சாவியைப் பதற்றத்தில் பொறுப்பாளரால் கண்டெடுக்க முடியவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. கியாங்குலியிலும் மஹ்தியாவிலும் தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டோர் அங்கேயே பயின்ற மாணவர். அவர்களை எந்தச் சுற்றுச்சுவரும் தடுத்திருக்க முடியாது.

பெண்பிள்ளைகள் தங்குமிடத்தைத் திறந்து போட முடியுமா என்று கேட்கப்படுவது நியாயமே. ஆனால் தெரிவு பூட்டுவதற்கும் திறந்து போடுவதற்கும் இடையில் மட்டும் இல்லை. வெளியிலிருந்து திறக்க முடியாததாயும், உள்ளிருந்து சாவியின்றித் தள்ளிய மாத்திரத்தில் திறப்பதாயும் அமைந்த தாழ்ப்பாள்கள் கிடைக்கின்றன. சன்னல் கம்பிகளில் ஒன்றையேனும் உட்புறமிருந்து திறக்கும்படி கீல் வைத்து அமைக்க உள்ளூர்ப் பட்டறையே போதும். படுக்கையறைத் தீயில் உயிரை முதலில் பறிப்பது பெரும்பாலும் சுவாலையைவிடப் புகையே. உறங்குவோரை எழுப்பும் முன்னரே அது மயக்கிவிடக் கூடியதாதலால், சாவியைத் தேட நேரம் கிடைக்கும் என்று கருதி வகுக்கப்படும் எந்த ஏற்பாடும் பொருந்தாது.

இரண்டாவது வாதம், அலுவலகச் சுவரில் சான்றிதழ் தொங்குகிறது, தீயணைப்பான் வாங்கியாயிற்று என்பது. சிகாகோவில் கன்னியர் கற்பித்த அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளி, 1958 டிசம்பர் 1 அன்று 92 சிறுவரும் 3 கன்னியரும் இறந்த தீவிபத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் தீப்பாதுகாப்புச் சோதனையில் தேறியிருந்தது. புதிய கட்டடங்களுக்கான விதி பழைய கட்டடத்தைக் கட்டுப்படுத்தாது என்ற விலக்கு அதற்கு வாய்ப்பாயிருந்தது. சான்றிதழ் சட்டத்துக்கு இணங்கியதற்கான அடையாளமே தவிர, இரவு இரண்டு மணிக்கு மாடிப்படியில் பிள்ளைகள் இறங்க முடியும் என்பதற்கான உறுதி ஆகாது. இந்திய உச்ச நீதிமன்றமோ, 94 சிறுவரைப் பலிகொண்ட 2004 ஜூலை 16 கும்பகோணம் தீவிபத்தை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரலில், பாதுகாப்பான பள்ளியில் பயிலுவது கல்வியுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்ததோடு, கருவிகளுடன் ஆசிரியர், பணியாளரின் பயிற்சியையும் வலியுறுத்தியது. பயிற்சியைப் பற்றிய பகுதியே இன்று பெரும்பாலும் மறக்கப்பட்டுள்ளது.

இது புண்ணியத் தலம், தொண்டாக நடப்பது, வணிக விடுதிக்குரிய சட்டம் இதற்கு எதற்கு என்பது மூன்றாவது. இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014-இல் இயற்றப்பட்டபோது, உரிமம் பெறும் கடமை இலாபநோக்கை அளவுகோலாகக் கொண்டு வகுக்கப்படவில்லை. ஏர்வாடியில் மாண்டோரும் புண்ணியத் தலத்தை நம்பி வந்தவர்களே.

கடலோர ஊர்களைப் போலவோ நகரங்களைப் போலவோ உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு அபாயமில்லை என்று கூறுவோர், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துக்கொண்டே உள்நாட்டுக்கு வந்ததை மறந்துவிட்டனர். பீங்கான் தொழிற்பேட்டை அமைந்த விருத்தாசலம், சூளையையும் நெருப்பையும் அறியாத ஊரன்று. ஆனால் தொழிற்கூடத்தில் காட்டப்படும் எச்சரிக்கை, நூறு பேருக்குச் சமைக்கும் விடுதி அடுக்களையின் எரிவாயு உருளைகளுக்குக் காட்டப்படுகிறதா என்று கேட்போர் அரிது. கும்பகோணத்துத் தீ தொடங்கியதும் அடுக்களையில்தான். பாம்புக்கடி, மின்கசிவு, நள்ளிரவில் வரும் வலிப்பு ஆகியவற்றுக்கும், விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனை எது, வண்டியை ஓட்டுபவர் யார், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த தாள் ஒன்று இருக்க வேண்டும்.

கேமரா காக்கும் என்பதும் அரைகுறையான உண்மையே. அது நடந்ததைப் பதிவு செய்கிறது. படுக்கையறையிலும் குளியலறையிலும் அதை வைக்கவும் கூடாது. சிறார் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவை குழந்தைக்கு அறிமுகமானவர்களால் நிகழ்பவை என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்புகள் காட்டுவதால், வாயிலைப் பார்த்து நிற்கும் கேமராவின் பயன் குறைவு. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவிக்கத் தவறினால் தண்டனைக்குரியவராவார் என்று கூறுகிறது. மடத்தின் நற்பெயருக்காக மௌனம் காப்பது அச்சட்டத்தின்படி குற்றம்.

எஞ்சியிருப்பது, ஒத்திகை பிள்ளைகளை அச்சுறுத்தும், படிப்பைக் கெடுக்கும் என்ற வாதம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கத்தை அடுத்துச் சுனாமி எழுந்தபோது, கமாய்ஷி நகரின் மாணவர் பழகியிருந்தபடி மேட்டுக்கு ஓடி ஏறத்தாழ அனைவரும் தப்பினர். ஓகாவா தொடக்கப் பள்ளியில் எங்கு செல்வதென்ற முடிவின்றி முற்றத்தில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கழிந்து 74 சிறுவர் மாண்டனர். விடுதிக்குரிய ஒத்திகையைப் பகலில் மட்டும் நடத்துவதும் போதாது. மின்விளக்கை அணைத்து, வழக்கமான படிக்கட்டு ஒன்றை அடைத்துவிட்டு, உறக்கத்திலிருந்து எழுப்பி, வெளியே குறித்த இடத்தில் கூட்டி, அன்றிரவு தங்கியோர் பட்டியலைக் கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் அழைக்க வேண்டும். ஊருக்குப் போனவரையும் வந்து தங்கிய விருந்தினரையும் அன்றாடம் குறிக்காத பட்டியலானால், உள்ளே எவரேனும் சிக்கியிருக்கிறாரா என்று தீயணைப்பு வீரர் கேட்கும்போது விடையளிக்க ஆள் இராது.