மிதிவண்டிக்கு மூடிய மலை

பிரான்சு தேயத்து ஓவர்ன் பகுதியிலே, அடங்கிய எரிமலைகள் ஏறக்குறைய 80 நிரையாய் நிற்கின்றன. அவற்றுள் உயர்ந்தது 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம். 1952 முதலாகத் தூர் தெ பிரான்சு என்னும் மிதிவண்டிப் பந்தயம் பன்முறை அதன் உச்சியில் முடிவுற்றது. 2012-இல் பற்சக்கர இருப்புப்பாதை அமைந்தபின், அம்மலைவழி பொதுமக்களின் மிதிவண்டிகட்கு அடைபட்டது. 2023-இல் பந்தயவீரர்க்குத் திறந்தது.

மோட்டார் வண்டிகளை விலக்கியது நன்றே. ஆயின் புகையும் ஓசையுமற்ற மிதிவண்டி செய்த பிழை யாது? வழி ஒடுக்கமென்பர், அஃது உண்மையே. எனினும், தொடர்வண்டி புறப்படுமுன் ஆண்டிற் சில விடியற்காலைகளிலேனும் திறந்துவிடலாகாதோ என்று யாம் வினவுகின்றோம். பரிசுக்கு ஏறுவோர்க்குத் திறந்த வழி, காட்சிக்கு ஏறும் எளியோர்க்கும் திறத்தலன்றோ முறை? அதுகாறும் செசா கணவாயின் அமைதியான சாலையிற் சென்று, மலையை அண்ணாந்து நோக்குதலே அன்னார்க்கு எஞ்சிய பேறாம்.