மறைப்பது காப்பாகுமா?

"மக்களிடம் சொன்னால் பீதி பரவும், சொல்லாதிருப்பதே நலம்." நோய்க்கிருமிகளைக் கையாளும் நிலையங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கற்றறிந்தோர் சிலர் இவ்வாறு கூறக் கேட்கின்றோம். இக்கூற்றை நாம் மறுக்கின்றோம்.

1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில், இராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து அடைப்பான் நோயின் கிருமி வித்துக்கள் காற்றில் கசிந்தன. 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட இறைச்சியே காரணமென்று அரசு சாதித்தது. இராணுவமே காரணமென்று ருஷ்ய அதிபர் எல்த்சின் ஒப்புக்கொண்டது 1992இல்தான். அந்தப் 13 ஆண்டு மறைப்பு எவரைக் காத்தது? மாண்டவர்களையா? ஆள்வோரின் மானத்தை மட்டுமன்றோ!

எங்கோ நடந்ததென்று ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நாம் வாளாவிருக்கலாகாது. அடைப்பான், கால்நடையின் தோல் வழியாகவும் உரோமத்தின் வழியாகவும் மனிதனைப் பற்றும் நோய். நமது பிழைப்போ தோலில். அந்நோய்க்குக் கால்நடைத் தடுப்பு மருந்து ஆக்கும் அரசு நிலையம், 1932இல் தொடங்கப்பெற்றது, நமக்கருகே இராணிப்பேட்டையில் உள்ளது. அதன் தொண்டு போற்றற்குரியது. அதன்மீது நாம் குறை சுமத்தவில்லை. எந்த நிலையமாயினும், மதிலுக்கு வெளியே வாழ்வோர் உள்ளே நடப்பது யாது, தவறு நேர்ந்தால் செய்யத்தக்கது யாது என்பதை முன்கூட்டியே எளிய தமிழில் அறிந்திருக்க வேண்டும் என்கின்றோம். அதே இராணிப்பேட்டைச் சிப்காட்டில், 2015 ஜனவரி 31 அன்று தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 பேர் மாண்டதை மறந்துவிட்டோமா?

ஷாமில் கொள்ளைநோய் என்ற செய்தி ஸர்க் என்னுமிடத்தில் எட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதனை மறைக்கவில்லை. முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறைஷிப் பெரியவர்களையும் முறையே அழைத்து மஷ்வரா செய்தார்கள். முடிவை மக்களுக்கு அறிவித்தார்கள். ஆட்சேபித்த அபூஉபைதா (ரலி) அவர்களுக்கும் தக்க விடை அளித்தார்கள்.

ஜமாஅத்தார்களே! கால்நடை மருத்துவரையும் மனித மருத்துவரையும் மஹல்லாவுக்கு அழையுங்கள். திடீரென மாண்ட மாட்டை அறுக்கவோ உரிக்கவோ கூடாது. அதன் வித்துக்கள் மண்ணில் பல்லாண்டு நிலைக்கும். தோல் மண்டியில் உழைப்பவர் உடலில் வலியற்ற புண் தோன்றிக் கறுத்தால், அன்றே மருத்துவரிடம் சென்று தம் தொழிலைச் சொல்ல வேண்டும். காலத்தே மருந்துண்டால் குணமாகும். இவ்வளவும் சொன்னோம். இதில் பீதிக்கு இடமெங்கே? சொல்லாமல் விட்டிருந்தால், அவ்விடத்தை வதந்தி நிரப்பியிருக்கும்.