மல்லாந்து ஊரும் புழு

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தேன். நாலைந்து மண்வெட்டி எரு அள்ளியதும், அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழுக்கள் பன்னிரண்டு வெளிப்பட்டன. "போன வருஷம் தென்னம்பிள்ளையைத் தொலைத்தவை இவைதாமே? எல்லாவற்றையும் கோழிக்குப் போட்டுவிடுங்கள்" என்றாள் என் மனைவி. சென்ற வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். ஆனாலும் எட்டு வருஷம் தண்ணீர் விட்டு வளர்த்த பிள்ளை பட்டுப்போயிற்று. அந்தத் தோல்வி கற்பித்த பாடத்தையே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இவை வண்டுகளின் இளம் பருவம். பழுப்புத் தலை, ஆறு கால்கள், சுருண்ட உடல் என்று பார்வைக்கு எல்லாம் ஒன்றே. குணத்திலோ மூன்று ஜாதி.

முதலாவது, காண்டாமிருக வண்டின் புழு. மூன்றிலும் பெரியது இதுவே. நன்கு வளர்ந்தால் கட்டைவிரல் பருமன் இருக்கும். மக்கிய எருவையும் உளுத்த மரத்தையும் தின்னுமேயன்றிப் பயிரைத் தொடாது. வண்டான பிறகுதான் தென்னங்குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் காணப்படும். 1909-ல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் கன்றுகளோடு ஸமோவா தீவில் இறங்கிய இவ்வண்டு, பஸிபிக் கடல் தீவுகள் பலவற்றின் தென்னைகளைப் பாழாக்கிற்று. 1963-ல் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிஞர் இதற்கு நோயூட்டும் வைரஸைக் கண்டறிந்தார். 1967-ல் அதை ஸமோவாவில் பரப்பிய பிறகே சேதம் தணிந்தது.

இரண்டாவது, வேர்ப்புழு. இதற்குக் கால்கள் சற்று நீளம். நிலக்கடலை, கரும்பு முதலியவற்றின் உயிருள்ள வேர்களை இது கடித்துத் தின்னும். செடி காரணமின்றி வாடினால் வேரடியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். கோடை மழை பெய்தபின், அந்தி வேளையில் இதன் வண்டுகள் மண்ணிலிருந்து எழுந்து வேப்பமரங்களில் மொய்க்கும். அப்போதே பிடித்து அழிப்பது சுலபம்.

மூன்றாவது, பூக்களை நாடும் வண்டின் புழு. தலை சிறியது, கால்கள் குட்டை. சருகையும் எருவையும் தின்று உரமாக்கித் தரும் இது நம் தோட்டத்தின் கூலி வாங்காத வேலையாள்.

பிரித்தறிவதற்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. ஒரு பலகை போதும். பலகையில் விட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். முதல் இரண்டும் பக்கவாட்டில் கிடந்து நெளியும். மூன்றாவதோ மல்லாந்து, கால்களை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டு, முதுகாலேயே விறுவிறுவென்று ஊர்ந்துவிடும். பிரான்ஸ் தேசத்தில் உபாத்தியாயராக இருந்த பாப்ரே என்னும் பூச்சி சாஸ்திரியும் இந்த விந்தையை எழுதி வைத்திருக்கிறார்.

அன்று பன்னிரண்டையும் திண்ணையில் விட்டோம். ஒன்பது மல்லாந்து ஊர்ந்தன. மூன்று மட்டுமே கோழிக்குப் போயின.

என் தென்னம்பிள்ளையைக் கெடுத்த வண்டுகள் பிறந்த இடம் எது? எருக்குழியன்று. சுவரோரம் நான் சோம்பலால் வெட்டி அகற்றாமல் விட்டிருந்த தென்னந்துண்டு! அதைப் பிளந்தபோது உள்ளே முப்பதுக்கு மேல் புழுக்கள் இருந்தன. பட்ட மரத்தை உடனே அகற்றுங்கள். எருக்குழியை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிளறுங்கள். தண்டனை கொடுக்குமுன் விசாரணை செய்யுங்கள்.

ஒன்பது புழுக்களையும் என் மனைவியே முறத்தில் அள்ளிச் சென்று எருக்குழியில் விட்டாள். இந்த மழைக்குப் புதிய தென்னம்பிள்ளை ஒன்று வைக்க உத்தேசம்.