முதுகும் இருக்கையும்

'ஃபோர்க்லிஃப்ட் வந்தாச்சு, மூட்டை தூக்குற காலம் போயாச்சு' என்கிறார்கள். யாருக்குப் போயாச்சு?

அந்த வண்டிக்குச் சமமான தரை வேணும். சரக்கைப் பலகைமேல் அடுக்கித் தரணும். ஓசூர் கம்பெனிக் குடோனில் ஓடும். பாலக்கோடு தக்காளி மண்டியில் லாரிக்குச் சரக்கேற்றுவது ஆள்தான். நம்ம அப்பன்மார் நூறு கிலோ மூட்டை சுமந்த காலத்திலேயே, 1967இல், ஒரு ஆளுக்கு 55 கிலோவுக்கு மேல் ஏற்றுவதைக் குறைக்கணும் என்றது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. 1982இல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் வந்தது. சட்டம் பேப்பரில், மூட்டை பிடரியில்.

'தொழிலாளிக்கு ஏது சாதி?' என்கிற தோழர்களே, கூலி உயர்ந்தால் சாதி உதிர்ந்துவிடுமா? நம்ம தருமபுரி நத்தம் காலனிச் சனங்க பெங்களூர், திருப்பூர் என்று போய் உழைத்துத்தான் வீடு கட்டினாங்க. 2012 நவம்பர் 7 அன்று அந்த வீடுகளைத்தான் எரித்தார்கள். காதல் ஒரு சாக்கு. நிமிர்ந்த சுவர்தான் கண்ணை உறுத்தியது.

ஆகவே, கூலி உயர்வோடு கோரிக்கையை முடிக்காதீர்கள். மிஷின் வரும் இடத்தில் யாருக்கு முதல் பயிற்சி, யார் கையில் லிவர் என்று கேளுங்கள். தலைமுறையாய்ச் சுமந்தவன் பிள்ளை அந்த இருக்கையில் உட்காரணும். இல்லையென்றால் மிஷினும் ஊர்த்தெருவிலேயே நின்றுவிடும். சேரிக்கு மூட்டைதான் வரும்.