கை கல்லாததைக் கருவி கற்பிக்குமா?

அசைவூட்டப் படக்கலையைப் பயில வரும் மாணவன் தாளோடும் பென்சிலோடும் மாதக்கணக்கில் ஏன் மாரடிக்க வேண்டும் என்று வினவுவோர் இன்று பலர். இடைப்படங்களைக் கணினி நொடியில் நிரப்பும். ஒரு வசனத்தை எழுதிக் கொடுத்தால் முழுக் காட்சியையே ஆக்கித்தரும் மென்பொருளும் வந்துவிட்டது. ஆகவே கைவழிப் பயிற்சி பழமை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு தவறானது மட்டுமன்று. மாணவனுக்குத் தீங்கு பயப்பதுமாகும்.

முதற்கண் பயிற்சியின் இயல்பை நோக்குதல் வேண்டும். திரைப்படத்தில் விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு வரைபடத்தை இருமுறை படம்பிடிப்பது பெருவழக்காதலின் விநாடிக்கு 12, நிமிடத்திற்கு 720 வரைபடங்கள் வேண்டும். தொடக்க மாணவனுக்குத் தரப்படும் பயிற்சி துள்ளும் பந்து. சம இடைவெளி விட்டு வரைந்தானாயின் பந்து பாரமற்று மிதக்கும். உச்சியில் நெருக்கியும் நிலத்தை அணுகுகையில் விலக்கியும் வரைந்தாலன்றி அது விழாது. தாள்களை விரலிடுக்கிற் புரட்டிப் பார்த்து, பிழை கண்டு, அழித்து, மீண்டும் வரையும் மாணவன் கற்பது ஓவியத்தை மட்டுமன்று. காலத்தையும் பாரத்தையும் கற்கின்றான். இதனைக் கல்லாதவன் முன் கணினி எதனை ஆக்கிக் கொடுத்தாலும், அது சரியா பிழையா என்று தீர்ப்பளிக்க அவனிடம் கண் இராது.

கணினியே போதும் என்போர் கணினிப் படத்தின் வரலாற்றையேனும் அறிந்திருக்க வேண்டாமா? முழுநீளக் கணினி அசைவூட்டப் படங்களுள் முதலாவதான 'டோய் ஸ்டோரி' 1995இல் வெளிவந்தது. அதன் நெறியாளர் ஜோன் லசெற்றர் கையால் வரையும் மரபிற் பயின்றவர். அம்மரபின் விதிகளைக் கணினி அசைவூட்டத்திற் கையாளும் முறையை 1987இலேயே அவர் கட்டுரையாக எழுதினார். புதுமையின் முன்னோடியே பழைய பயிற்சியின் பிள்ளையாக இருக்க, அப்பயிற்சியை வீண் என்பது எங்ஙனம் பொருந்தும்?

கைவழி முறை செலவு மிக்கது என்பதும் அரை உண்மையே. ஜேர்மனியில் லொற்றே றைனிகர் கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டு 1926இல் முழுநீளப் படமொன்றை வெளியிட்டார். கனடாவின் நோர்மன் மக்லரன் கமராவின்றிப் படச்சுருளின் மீதே வரைந்தும் கீறியும் படங்கள் ஆக்கினார். 1949இல் யுனெஸ்கோவின் கிராம சுகாதாரக் கல்வித் திட்டத்திற்காகச் சீனா சென்ற அவர், எளிய சாதனங்களால் கல்விப் படங்களை ஆக்கும் முறைகளை அங்குள்ள ஓவியருக்குப் பயிற்றினார். பொருள் குறைந்த இடத்திற் கலை பிறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? விலையுயர்ந்த கருவி கிட்டும்வரை பொறுத்திரு என்று வறிய மாணவனுக்குக் கூறுவதே உண்மையிற் பிற்போக்கானது.

கூலிக்கு இடைப்படம் வரைந்து முதுகொடிந்தோரின் சுமையை மீண்டும் எவர் தலையிலும் ஏற்றுமாறு இங்கு கோரப்படவில்லை. கணினி நல்ல ஏவலாள். அதனை மறுப்பது அறியாமை. ஆயின் ஏவத் தெரியாதவனுக்கு ஏவலாளே எசமானாகிவிடுவான். எனவே கலை பயில்வோன் கருவியின் முன் அமருமுன், தன் கையால் ஒரு பந்தையேனும் விழச் செய்து பார்க்கட்டும். அது விழுந்த அன்றே அவன் கலைஞனாகத் தொடங்குகின்றான்.