முதுகில் எழுதப்படும் ‘உடைமை’

அமெரிக்க வெகுஜனப் புத்தகச் சந்தையில் ‘மோட்டார் சைக்கிள் கிளப் காதல் நாவல்’ என்றொரு தனி வகை இந்த நூற்றாண்டில் வேரூன்றியிருக்கிறது. மின்நூல் விற்பனையே அதன் முதன்மைக் களம். கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஆபத்தில் சிக்கிய ஒரு பெண். தோல் சட்டை அணிந்த, சட்டத்தை மதிக்காத ஒரு கிளப் தலைவன். எதிரிக் கிளப்பின் துப்பாக்கி. ஒரு துரோகம், நெஞ்சைப் பிளக்கும் ஒரு பிரிவு, கடைசியில் கூடல். அந்தக் கூடலின் அடையாளமாக, ‘இன்னாரின் உடைமை’ என்று முதுகில் பொறித்த மேற்சட்டை அவளுக்கு அணிவிக்கப்படுகிறது. கதையின் உச்ச மகிழ்ச்சி அதுவே!

இது நாவலாசிரியர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. அங்குள்ள சட்டவிரோதக் கிளப்புகளில் நிலவும் வழக்கமே நாவலுக்குள் வந்திருக்கிறது. பெண் அங்கே உறுப்பினராக முடியாது; உறுப்பினர் ஒருவனின் உடைமையாகலாம். 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் நகரில் நடந்த மோட்டார் சைக்கிள் கூடுகையின் ரகளை நாடெங்கும் செய்தியானது. மறு ஆண்டு ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி, அமைதிக்கால வாழ்வில் ஒட்ட முடியாமல் தவித்த முன்னாள் படைவீரர்கள் பலர் இத்தகைய கிளப்புகளில் சேர்ந்தனர். 1953இல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ அந்தக் கோபத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. கோபத்தையும் விற்பனைச் சரக்காக்கும் வித்தையை முதலாளித்துவத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் குறித்து 1884இல் நூல் எழுதிய எங்கெல்ஸ், பெண்ணின் அடிமைநிலையைத் தனிச்சொத்தின் வரலாற்றோடு பிணைத்துக் காட்டினார். வாரிசு யாருடையது என்பதை உறுதிசெய்யப் பெண்ணின் உடல் காவலுக்குள் வைக்கப்பட்டது. அவர் நூறு பக்கங்களுக்கு மேல் விளக்கியதை ஒரு தோல் சட்டையின் முதுகில் ஒற்றை வரியாகத் தைத்துவிடுகிறார்கள்.

இந்த நாவலுக்கும் காணிப்பாக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சித்தூருக்கு அருகே, ஐராலா மண்டலத்தில் உள்ள அந்த விநாயகர் கோயில் சத்தியத்துக்குப் பெயர்போனது. அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது மக்களின் நம்பிக்கை. எனவே வழக்கும் வம்பும் அங்கே தீர்த்துக்கொள்ளப்படுகின்றன. குடியை விடுவதாகவும் அங்கே சத்தியம் செய்கிறார்கள். ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்தின் எல்லை மாவட்டங்களிலிருந்தும் புதிதாக வாங்கிய வண்டிகளைப் பூஜைக்குக் கொண்டுவருகிறார்கள். மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் பல, மாதத் தவணையில் வாங்கியவை. ஓர் ஏழை வீட்டு இளைஞனுக்கு அதுவே முதல் சொத்து, முதல் சுதந்திரம். அந்த வண்டியின் பின்னிருக்கையில் அவன் விரும்பிய பெண் ஏறி அமரும்போதுதான், இந்த மண்ணின் ‘ஆபத்தும் நெஞ்சுடைவும்’ தொடங்குகின்றன.

அவள் ஏறுவதற்கு முன்பே தொடங்குவதும் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று அவரது குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். அமெரிக்க நாவலில் வண்டி ஓட்டுகிறவன் ஊரை மிரட்டுகிறான். இங்கே ஓட்டுகிறவனின் கைகளைத் தேடி அரிவாள் வருகிறது.

2019 ஜூனில் சித்தூர் மாவட்டம் பலமநேர் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். தலித் இளைஞரை மணந்து, குழந்தை பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. அவரைக் கொன்றதாகக் காவல்துறை குற்றம்சாட்டியது அவரது சொந்தக் குடும்பத்தினரைத்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரையும் கௌசல்யாவையும் வெட்டிய கும்பல் மோட்டார் சைக்கிளில் வந்தது. கடைவீதியில், பட்டப்பகலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்க நடந்த அந்தத் தாக்குதலில் சங்கர் உயிரிழந்தார். 2018 செப்டம்பரில் மிரியாலகுடாவில் கர்ப்பிணி மனைவியின் கண்முன்னே பிரணய் கூலிக்கு வெட்டப்பட்டார். அந்தக் கூலிக் கொலையாளிக்கு 2025 மார்ச்சில் நல்கொண்டா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சாதி என்ற கிளப்புக்குச் சீருடையோ சின்னமோ தேவைப்படவில்லை. ‘எங்கள் பெண்’ என்ற இரண்டு சொற்களே அதன் மேற்சட்டை.

தமிழ் இணைய நாவல் தளங்களிலும் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்குப் பெரும் வாசகக் கூட்டம் இருக்கிறது. மிரட்டுகிறவன், கடத்துகிறவன், கட்டாயத் தாலி கட்டுகிறவன் கடைசியில் காதலனாகிறான். இவற்றைப் படிக்கும் பெண்களை ஏளனம் செய்வது எளிது. இயக்கத் தோழர்களிடமும் அந்தப் பழக்கம் உண்டு; அது தவறு. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து பேருந்தில் திரும்பும் தொழிலாளிப் பெண், தனக்காக ஊரையே எதிர்த்து நிற்கும் ஒருவனைக் கைபேசியில் தேடுகிறாள் என்றால், தெருவும் காவல் நிலையமும் அவளுக்குத் தராத பாதுகாப்பையே தேடுகிறாள். அந்தத் தேவை உண்மையானது. நாவல் விற்கும் மருந்துதான் போலி. ‘நீ என் உடைமை’ என்பதைக் காதலின் உச்சமாகப் பழகிய காதுக்கு, அதையே தகப்பனும் அண்ணனும் சொல்லும்போது வேறுபாடு தெரியாமல் போகும். பின்னிருக்கையிலிருந்து சாலையைப் பார்க்கும் பெண்ணின் கண்கொண்டு எழுதப்பட்ட நாவல்கள் முற்போக்கு எழுத்தாளர்களிடமிருந்து இன்னும் நிறைய வர வேண்டும்.

நாவல் வரும்வரை உயிர்கள் காத்திருக்க முடியாது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவான கட்டளைகளைப் பிறப்பித்தது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் இணையர்க்குப் பாதுகாப்பு இல்லம், கடமை தவறும் அதிகாரிகள் மீது நடவடிக்கை ஆகியவை அவற்றுள் அடங்கும். சட்ட ஆணையம் தனது 242ஆவது அறிக்கையில் இதற்கெனத் தனிச் சட்டத்தை 2012லேயே பரிந்துரைத்தது. தமிழகத்தில் 2025 அக்டோபரில் நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டதும், தனிச் சட்டம் கோரி நடந்த நீண்ட போராட்டத்தின் பின்னரே. இணையர்களுக்கு மாநில எல்லை ஒரு தடையில்லை. குடியாத்தத்தில் கிளம்பும் வண்டி ஒரு பொழுதில் சித்தூரைத் தொட்டுவிடும். துரத்தும் வண்டியும் அவ்வாறே. எனவே சித்தூர், திருப்பதி மாவட்ட நிர்வாகங்களும் வேலூர், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்களும் இணைந்து இயங்கும் ஏற்பாடு வேண்டும். அந்த உதவி எண் காணிப்பாக்கம் பேருந்து நிலையத்திலும், புது வண்டிகள் மாலையோடு நிற்கும் பூஜைத் திடலிலும், தெலுங்கிலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.