அந்நிய வண்டியும் நமது பட்டறையும்

கோயமுத்தூர் அவிநாசி சாலையில் 2015-ம் வருஷத்தில் திறக்கப்பெற்ற ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பல தேசத்துப் பழைய மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. அங்குள்ள பிரிட்டிஷ் வண்டிகளை நம் வாலிபர்கள் வியந்து நோக்குவது தேசாபிமானிகள் சிலருக்குக் கசக்கலாம். "நம்மைச் சுரண்டியவரது கைவேலையை நாம் புகழ்வதா?" என்பது அவர்களது ஆட்சேபம். நாம் இதனை ஒப்புக்கொள்வதற்கில்லை. நல்ல வேலைப்பாட்டைப் போற்றுதல் அடிமைத்தனமன்று. போற்றிவிட்டுக் கைகட்டி நிற்பதே அடிமைத்தனம்.

ஜாகுவார் எக்ஸ்.கே. 120 என்ற பந்தய வண்டியின் சரித்திரத்தைப் பாருங்கள். 1948-ம் வருஷம் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அது தோன்றியபோது, யுத்தத்தால் நலிந்த பிரிட்டன் பெருங்கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்வோர்க்கே எஃகு என்பது அந்தச் சர்க்காரின் கொள்கை. வில்லியம் லயன்ஸின் கம்பெனி, தன் புதிய எஞ்சினைப் பிரபலப்படுத்தச் சொற்ப வண்டிகளே செய்யக் கருதியது. முதல் ஏறத்தாழ 240 வண்டிகள், மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்திக் கைவேலையாகவே செய்யப்பெற்றன. 1949-ல் பெல்ஜியத்தில் அவ்வண்டி மணிக்கு 132 மைலுக்குமேல் ஓடிற்று. 1954-க்குள் 12,000-க்கு மேற்பட்டவை உற்பத்தியாயின; பெரும்பாலானவை கடல் கடந்து சென்று டாலர் ஈட்டின. தரித்திர காலத்திலும் திறமையைக் கைவிடாத அந்த உறுதியன்றோ நாம் கற்கவேண்டியது!

கொங்கு நாட்டிற்கு இது புதிய பாடமன்று. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸைத் தாமே ஓட்டிய ஸ்ரீ ஜி. டி. நாயுடு, 1937-ல் ஸ்ரீ டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து இந்நகரிலேயே மின்சார மோட்டார் செய்வித்தார். ஸ்ரீ கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினைக்கொண்டு பந்தய வண்டிகள் சமைத்தார். அவ்வகை வண்டியில் பயின்ற கோயமுத்தூர் வீரர் நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

2008-ல் டாட்டா மோட்டார்ஸ் ஜாகுவார் கம்பெனியையே வாங்கியது நமக்குப் பெருமைதான். ஆயினும் விலைக்கு வாங்கிய கீர்த்தி வேறு. உழைத்து ஈட்டிய கீர்த்தி வேறு. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய பந்தயத் தளத்தில், கல்லூரி மாணவர்கள் தாமே செய்த வண்டிகளை ஓட்டிப் பரீட்சிக்கின்றனர். நமது ஆலை முதலாளிகளும் வார்ப்படத் தொழிலதிபர்களும் தங்கள் பட்டறைக் கதவுகளை இவ்வாலிபர்களுக்குத் திறந்துவிடுவார்களாக. லேத்தும் உலையும் தேர்ந்த தொழிலாளரும் இங்கு இல்லாமலில்லை. நம் வண்டியை அந்நியர் வியக்கும் நாளை வருவிப்பது நமது கையிலேயே இருக்கிறது.